புத்தகத்தின் பூட்டைத் திறந்த ரங்கநாதன்

1924-ம் ஆண்டு, ஜனவரி மாதம்.

சென்னை மாநிலக் கல்லூரி முதல்வரின் அறைக்குள் ஒருவர் நுழைந்தார். அவருக்கு வயது 31. சில நாட்களுக்கு முன்புவரை அதே கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர்.

புதிய உத்தியோகம் கிடைத்து விடை பெற்றுப் போனவர், அதற்குள் திரும்பி வந்து நின்றார். புது வேலை வேண்டாம், பழைய வேலையையே கொடுத்தால் போதும் என்று மன்றாடினார்.

சம்பளம் குறைவா? இல்லை. முன்பு வாங்கியதைவிட அதிகம். வேலை கடினமா? அதுவும் இல்லை. செய்வதற்கு வேலையே இல்லை என்பதுதான் அவருடைய குறை!

அவர் ஏற்றிருந்தது சென்னைப் பல்கலைக்கழக நூல் நிலையத்தின் தலைமைப் பதவி. சுற்றிலும் புத்தகங்கள் இருந்தன. அவற்றைத் தேடி வரும் ஆட்கள்தான் இல்லை. நாள் முழுவதும் மாணவர்களின் கலகலப்பில் இருந்து பழகிய அவருக்கு, அந்த இடம் சிறைச்சாலையாகத் தோன்றியது.

இப்படி நூல் நிலையத்தைக் கண்டு ஓடி வந்தவர்தான் எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று பிற்காலத்தில் உலகம் போற்றியது இவரைத்தான்.

ஓடி வந்தவரின் மனதை மாற்றியது எது? அந்தக் கதை சீர்காழியில் தொடங்குகிறது.

தந்தை சொன்ன ராமாயணம்

ரங்கநாதன் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சீர்காழியில் பிறந்தார். சீர்காழி அன்று தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் சீர்காழியை "ஷியாளி" என்று எழுதுவார்கள். ரங்கநாதனின் பெயருக்கு முன்னால் வரும் எஸ். என்ற எழுத்து அந்த ஊரைக் குறிக்கும். ஆர். என்ற எழுத்து தந்தை ராமாமிருத அய்யரைக் குறிக்கும். தாயார் பெயர் சீதாலட்சுமி.

ராமாமிருத அய்யருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ராமாயணத்தில் அவருக்கு அளவற்ற ஈடுபாடு. ஊராரைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். எழுத்துத் தெரியாதவர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். ஒருவர் படித்ததைப் பலர் கேட்டு மகிழ்வதுதான் அந்தக் காலத்தில் ஊருக்குக் கிடைத்த நூல் நிலையம்.

அந்தச் சுகம் பையனுக்கு நெடுநாள் நீடிக்கவில்லை. ரங்கநாதனுக்கு 6 வயதானபோது, 1898-ல், தந்தை காலமானார். தாயின் அரவணைப்பிலும், பள்ளி ஆசிரியரான பாட்டனாரின் கண்காணிப்பிலும் பையன் வளர்ந்தான். சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினான்.

பேச்சில் தடை

ரங்கநாதனுக்கு ஒரு குறை இருந்தது. பேசும்போது நாக்குத் தடுமாறும். சொல் திக்கித் திக்கி வரும்.

பேச்சுத் திக்குகிறவர் என்ன உத்தியோகத்துக்குப் போகலாம்? வாயைத் திறக்க வேண்டாத வேலை எதையாவது தேடிக் கொள்ளலாம். ஆனால் அவர் ஆசிரியர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்! விடாமல் பழகிப் பழகி, திக்கு வெளியே தெரியாத அளவுக்கு அதை அடக்கினார்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது. ரங்கநாதன் அங்கே சேர்ந்து 1913-ல் பி.ஏ. பட்டமும், 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

அங்கே கணிதப் பேராசிரியராக இருந்தவர் எட்வர்டு ராஸ். மாணவர் மீது அவருக்குத் தனிப் பிரியம். அந்தப் பிரியம் கல்லூரியோடு முடிந்து விடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ரங்கநாதனின் வாழ்க்கையில் ஒரு முக்கியமான மாலை நேரத்தில் ராஸ் மறுபடியும் வருவார்.

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் ரங்கநாதன் எல்.டி. பயிற்சி பெற்றார். 1917-ல் மங்களூர் அரசாங்கக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கோவை. 1921-ல் சென்னை மாநிலக் கல்லூரி.

900 மனுக்கள்

சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூல் நிலையத்துக்கு ஒரு தலைவரை நியமிக்கத் தீர்மானித்தது. அதுவரை அப்படி ஒரு பதவி கிடையாது.

விளம்பரம் வந்ததும் சுமார் 900 பேர் மனுச் செய்தார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவரும் இல்லை!

ரங்கநாதனும் மனுச் செய்தார். ஆசிரியர் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. நூலகர் சம்பளம் அதைவிட அதிகம். அதற்காகத்தான் மனுச் செய்தார்; புத்தகங்கள் மீது கொண்ட ஆசையினால் அல்ல.

பேட்டிக்கு அழைப்பு வந்தது. நூல் நிலையத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கலைக்களஞ்சியத்தை எடுத்தார். அதில் நூல் நிலையங்களைப் பற்றி இருந்த கட்டுரையைப் படித்தார். அந்தப் படிப்போடு பேட்டிக்குப் போனார். வேலை கிடைத்தது!

1924 ஜனவரியில் பதவி ஏற்றார். பல்கலைக்கழகத்தின் புத்தகங்கள் அப்போது எழும்பூர் கன்னிமாரா நூல் நிலையக் கட்டிடத்தில் இருந்தன. ஒரு வாரம் ஆவதற்குள் பொறுக்க முடியாமல் கல்லூரிக்கு ஓடி வந்தார். அந்தக் காட்சியைத்தான் தொடக்கத்தில் பார்த்தோம்.

கல்லூரி முதல்வர் அனுபவசாலி. அவர் முடியாது என்று சொல்லவில்லை. உடனே சரி என்றும் சொல்லவில்லை. ஒரு வழி சொன்னார். எப்படியும் நூலகப் பயிற்சிக்காக ரங்கநாதன் இங்கிலாந்து போக வேண்டியிருந்தது. முதலில் போய் வரட்டும். திரும்பிய பிறகும் அந்த வேலை பிடிக்காவிட்டால் பழைய இடம் காத்திருக்கும் என்று வாக்களித்தார்.

அந்த வாக்கை நம்பி ரங்கநாதன் கப்பல் ஏறினார்.

லண்டனில் கண்ட காட்சி

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகப் பயிற்சி வகுப்பு இருந்தது. அங்கே பாடம் நடத்தியவர் பெர்விக் சேயர்ஸ். லண்டனுக்கு அருகிலுள்ள குராய்டன் நகரப் பொது நூலகங்களின் தலைவர்.

வகுப்பில் படித்ததைவிட, நேரில் சுற்றிப் பார்த்ததுதான் ரங்கநாதனை உலுக்கியது. இங்கிலாந்தில் 100-க்கு மேற்பட்ட நூல் நிலையங்களைப் பார்த்தார்.

அங்கே குழந்தைகளுக்குத் தனியாக ஓர் அறை. ஒருவர் நடுவே உட்கார்ந்து கதை சொல்ல, பிள்ளைகள் சூழ்ந்து கேட்டார்கள். ஆலைத் தொழிலாளி வேலை முடிந்து வந்து புத்தகம் வாங்கிப் போனார். வீட்டு வேலையை முடித்த பெண்கள் கூடையோடு வந்து, புத்தகத்தையும் அதில் போட்டுக் கொண்டு போனார்கள்.

இது யாருக்குப் பிடிக்கும், அது யாருக்குப் பயன்படும் என்று நூலகர் யோசித்து எடுத்துக் கொடுத்தார். வந்தவரின் தொழில் என்ன, வயது என்ன என்று அறிந்து, அதற்கு ஏற்றபடி சிபாரிசு செய்தார்.

ரங்கநாதனின் கண் திறந்தது. சென்னையில் தமக்கு வேலை இல்லாமல் போனதற்குக் காரணம் நூல் நிலையம் அல்ல என்பது விளங்கியது. புத்தகம் ஒரு பக்கம் கிடக்கிறது. படிக்க வேண்டியவர் இன்னொரு பக்கம் இருக்கிறார். இரண்டு பேரையும் சேர்த்து வைக்க ஆள் இல்லை. அந்த ஆள் நூலகர்தான்!

சீர்காழியில் தந்தை ராமாயணம் சொன்னது நினைவிருக்கிறது அல்லவா? அவரும் செய்தது அதைத்தான். ஏட்டில் இருந்ததை ஊராரிடம் கொண்டு போய்ச் சேர்த்தார்.

பொம்மைக் கடையில்

ஒரு நாள் லண்டனில் செல்பிரிட்ஜ் என்ற பெரிய கடைக்கு ரங்கநாதன் போனார். பொம்மைப் பகுதியில் ஒரு விற்பனையாளர் "மெக்கானோ" என்ற விளையாட்டுச் சாமானைச் செய்து காட்டிக் கொண்டிருந்தார்.

துளை போட்ட சிறு தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள். அவ்வளவுதான். அவற்றை ஒரு விதமாகப் பூட்டினால் பாலம் ஆகிறது. கழற்றி வேறு விதமாகப் பூட்டினால் வண்டி ஆகிறது.

கூடி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ரங்கநாதனின் மூளையில் ஒரு மின்னல் வெட்டியது.

அப்போது இருந்த முறைகளில் உலகத்து விஷயங்களையெல்லாம் முன்கூட்டியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருந்தார்கள். புறாக் கூண்டுபோல ஏற்கெனவே செய்து வைத்த அறைகள். புதிதாக ஒரு விஷயம் பிறந்தால் அதற்கு அறை இராது.

மெக்கானோ தகடுகளைப் போலவே விஷயங்களையும் துண்டுகளாக வைத்துக் கொண்டால் என்ன என்று ரங்கநாதன் யோசித்தார். நெற்பயிரில் வரும் பூச்சியைத் தஞ்சாவூரில் ஒழிப்பது பற்றி ஒரு புத்தகம் என்று வைத்துக் கொள்வோம். நெல் ஒரு துண்டு. பூச்சி ஒரு துண்டு. ஒழிப்பது ஒரு துண்டு. தஞ்சாவூர் ஒரு துண்டு. வேண்டியதை எடுத்துப் பூட்டினால் அந்தப் புத்தகத்துக்கு உரிய எண் கிடைத்துவிடும்.

துண்டுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் அந்தக் குறிக்குக் கோலன் என்று பெயர். அதனால் அவருடைய முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்ற பெயர் வந்தது. 1933-ல் அது நூலாக வெளிவந்தது. உலக நாடுகளின் நூலக அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள்.

மாறிய நூல் நிலையம்

1925-ல் ரங்கநாதன் சென்னை திரும்பினார். கல்லூரி முதல்வர் கொடுத்த வாக்கை அவர் பயன்படுத்திக் கொள்ளவில்லை. கணக்கு வகுப்புக்குத் திரும்பவே இல்லை. நேராக நூல் நிலையத்துக்குப் போனார்.

முதலில் தடைகளை அகற்றினார். அதுவரை வாசகர் வெளியே நிற்பார். சிப்பந்தி உள்ளே போய்ப் புத்தகம் எடுத்து வருவார். இனி அப்படி வேண்டாம் என்றார். வாசகரே புத்தகத் தட்டுகளுக்கு நடுவே நடந்து போகலாம். தொட்டுப் பார்க்கலாம். புரட்டிப் பார்த்து, பிடித்ததை எடுக்கலாம்.

திறந்து விட்டால் புத்தகம் திருட்டுப் போகாதா என்று பயந்தவர்கள் உண்டு. படிக்கப்படாமல் கிடக்கும் புத்தகமும் தொலைந்து போன புத்தகமும் ஒன்றுதான் என்பது ரங்கநாதனின் எண்ணம்.

நூல் நிலையம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். வந்தவர்களுக்கு உதவி செய்யத் தனி ஆட்களை வைத்தார். வர முடியாதவர்களின் வீட்டுக்கே, சிறு கட்டணத்தில், புத்தகம் அனுப்ப ஏற்பாடு செய்தார்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1936-ல் கடற்கரை ஓரத்தில் பல்கலைக்கழக நூல் நிலையத்துக்குச் சொந்தக் கட்டிடம் அமைந்தது.

ஒரு மாலை நேரம்

1928-ம் ஆண்டு. ரங்கநாதன் மனதில் ஒரு கவலை.

நூல் நிலையத்தில் செய்ய வேண்டிய காரியங்கள் ஆயிரம் இருக்கின்றன. கதவு திறக்கும் நேரம், தட்டின் உயரம், நாற்காலி, பட்டியல், சிப்பந்தியின் பழக்கவழக்கம். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை என்ன? கணிதத்தில் ஒன்றிரண்டு அடிப்படை உண்மைகளிலிருந்து மற்ற எல்லாம் பிறக்கின்றன. நூல் நிலையத்துக்கும் அப்படி ஏதாவது இருக்க வேண்டும். அது பிடிபடவில்லை.

அப்போது பழைய ஆசிரியர் ராஸ் வந்தார். மாணவரின் முகவாட்டத்தைக் கண்டு விவரம் கேட்டார். கேட்டு முடித்ததும், புத்தகம் இருப்பது பயன்படுவதற்காக என்ற முதல் விதியைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

அவ்வளவுதான். முடிச்சு அவிழ்ந்தது. ரங்கநாதன் உட்கார்ந்து எழுதினார். மற்ற நான்கு விதிகளும் வரிசையாக வந்தன. 1931-ல் அவை நூலாயின. நூலகவியல் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் முதலில் படிப்பது இந்த ஐந்து விதிகளைத்தான்.

ஐந்து விதிகள்

முதல் விதியின்படி, புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல. பழங்கால ஐரோப்பாவில் மடாலயங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். சங்கிலி போன பிறகும் மனப்பான்மை போகவில்லை என்பதை ரங்கநாதன் கண்டார். ஊருக்கு ஒதுக்குப்புறமான கட்டிடம், எட்டாத உயரத்தில் தட்டு, வேலைக்குப் போகிறவர் வர முடியாத நேரம் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சங்கிலிகள்.

இரண்டாவது விதியின்படி, ஒவ்வொருவருக்கும் உரிய புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் என்றால் யார் யார்? பணக்காரர் மட்டும் அல்ல, ஏழையும். ஆண் மட்டும் அல்ல, பெண்ணும். நகரத்தார் மட்டும் அல்ல, கிராமத்தாரும். கண் பார்வையற்றவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், சிறையில் இருப்பவர் என்று எவரையும் ரங்கநாதன் விட்டுவிடவில்லை. அன்றைய இந்தியாவில் பத்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அந்தக் காலத்தில் இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

மூன்றாவது விதி இதைத் திருப்பிப் போட்டது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இது நூலகருக்கு இடப்பட்ட வேலை.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரை நினைத்துக் கொள்ளுங்கள். சமையல் முடிந்துவிட்டது என்று அவர் அடுப்படியில் உட்கார்ந்து விடுவதில்லை. யார் இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துக் கொண்டே வருகிறார். குழந்தைக்குக் காரம் இல்லாததைப் போடுகிறார். பெரியவருக்கு ரசம் சாதத்தைக் குழைவாக வைக்கிறார். நல்ல நூலகரும் அப்படித்தான்.

புதிய புத்தகங்களை வாசலிலே கண்ணில் படும்படி வைக்க வேண்டும். எந்த விஷயத்துக்கு எந்தப் புத்தகம் நல்லது என்று பட்டியல் எழுதித் தொங்கவிட வேண்டும். குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்ல வேண்டும். படிப்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்ய வேண்டும். ஊரில் திருவிழா வந்தால் நூல் நிலையமும் அதில் கலந்து கொள்ள வேண்டும். பரீட்சைக் காலத்தில் மாணவருக்கு வேண்டியது ஒன்று. கோடை விடுமுறையில் வேண்டியது வேறொன்று. விதைப்புக் காலத்தில் விவசாயிக்கு வேண்டியது ஒன்று; அறுவடை முடிந்து ஓய்வாக இருக்கும்போது வேண்டியது வேறொன்று. காலம் அறிந்து கொடுப்பதுதான் சிபாரிசு.

நான்காவது விதி, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மணி நேரம் என்பது காசு. ஒரு புத்தகத்துக்காக அவரை அரை மணி நேரம் நிற்க வைத்தால், அடுத்த முறை அவர் வர மாட்டார்.

ஐந்தாவது விதி, நூல் நிலையம் வளர்ந்து கொண்டே இருக்கும் உயிர் என்பது. குழந்தைக்குத் தைத்த சட்டை அடுத்த ஆண்டு போதாமல் போகிறது. அதுபோல, இன்றைக்குப் போதும் என்று கட்டிய நூல் நிலையம் நாளைக்குப் போதாது. வளர்ச்சிக்கு இடம் விட்டே கட்ட வேண்டும்.

மாட்டு வண்டியில் புத்தகம்

விதிகளை எழுதிவிடலாம். கிராமத்துக்குப் புத்தகம் போவது எப்படி? மோட்டார் போகும் ரஸ்தா இல்லாத கிராமங்கள் எத்தனையோ இருந்தன.

ரங்கநாதனின் சொந்தத் தஞ்சை மாவட்டத்திலேயே அதற்கு விடை கிடைத்தது. மன்னார்குடியைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை ஓய்வு பெற்ற என்ஜினீயர். அவர் ஒரு வண்டியைச் செய்வித்தார். அது நெல் மூட்டை ஏற்றும் வண்டி அல்ல. புத்தகம் அடுக்குவதற்குத் தட்டுகள் வைத்த கூண்டு வண்டி. இழுப்பதற்கு இரண்டு மாடுகள்.

1931-ம் ஆண்டு அக்டோபர் மாதம், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் அந்த நடமாடும் நூல் நிலையத்தை ரங்கநாதன் தொடங்கி வைத்தார். ஐந்து விதிகள் நூலாக வந்த அதே ஆண்டு!

உரம் ஏற்றும் வண்டியும், கரும்பு ஏற்றும் வண்டியும் பார்த்திருந்த கிராமத்தார், புத்தகம் ஏற்றி வந்த வண்டியைக் கண்டார்கள். பட்டணத்துக்குப் போனாலும் எட்டாத புத்தகம் தெருவுக்கே வந்து நின்றது. இரண்டாவது விதி மாட்டு வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போனது.

விடுமுறை இல்லாத மனிதர்

ரங்கநாதன் சென்னை நூல் நிலையத்தில் சுமார் 20 ஆண்டுகள் வேலை பார்த்தார். நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம். வாரத்தில் 7 நாள். அந்த 20 ஆண்டுகளிலும் அவர் விடுமுறை எடுக்கவில்லை!

அவருடைய முதல் மனைவி ருக்மணி ஒரு விபத்தில் இறந்து போனார். பிறகு சாரதாவை மணந்தார். திருமணச் சடங்குகள் முடிந்த அன்று பிற்பகலே நூல் நிலையத்துக்கு வேலை பார்க்க வந்துவிட்டார்!

இப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்துவது எளிதல்ல. எளிய சாப்பாடு, எளிய உடை, வீடு முழுவதும் புத்தகம், காகிதம். சாரதா அதையெல்லாம் தாங்கிக் கொண்டு துணை நின்றார்.

ஒருவர் உழைத்தால் மட்டும் போதாது என்பதும் ரங்கநாதனுக்குத் தெரியும். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். 1929-ல் கோடைக் காலப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, நூலகர்களைத் தயார் செய்தார். பிறகு பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தியது.

18 ஆண்டுப் போராட்டம்

ஊருக்கு ஊர் நூல் நிலையம் வேண்டும் என்றால் பணம் வேண்டும். நன்கொடையை நம்பினால் கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. ஆகையால் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் முடிவு செய்தார்.

1930-ல் காசியில் ஆசியக் கல்வி மாநாடு நடந்தது. அங்கே ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதி வைத்தார். சென்னைச் சட்டசபையில் அதை ஒட்டி ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. ஆனாலும் ரங்கநாதன் விடவில்லை. எழுதினார், பேசினார், ஆட்சியில் இருந்தவர்களைக் கண்டு வாதாடினார்.

நாடு சுதந்திரம் அடைந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. முதல் மாதிரி எழுதிய நாளிலிருந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்காக வந்த முதல் சட்டம் அதுதான்.

வீட்டு வரியோடு நூலகத்துக்காகவும் ஒரு சிறு தொகை வசூலிக்க அந்தச் சட்டம் வழி செய்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுக்கள் ஏற்பட்டன. கன்னிமாரா நூலகம் 1950-ல் மாநில மத்திய நூலகம் ஆயிற்று. ஓட்டு வீட்டுக்காரர் கொடுத்த சில்லறையும், மாடி வீட்டுக்காரர் கொடுத்த ரூபாயும் சேர்ந்து கிராமத்தில் கிளை நூலகம் ஆனது. அங்கே போய்ப் புத்தகம் கேட்பவர் எவரிடமும் கை ஏந்துவதில்லை. தம் பணத்தில் நடக்கும் நூலகத்துக்கே போகிறார்.

காசி முதல் பெங்களூர் வரை

சட்டம் நிறைவேறியபோது ரங்கநாதன் சென்னையில் இல்லை. 1945-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்கே துணைவேந்தர். அவர் அழைப்பின்பேரில் போன ரங்கநாதன், சுமார் 1 லட்சம் புத்தகங்களைத் தாமே வகைப்படுத்தினார்.

1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அழைத்தது. பிறகு சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்து நாட்டு ஜூரிச் நகரில் தங்கி ஆராய்ச்சி செய்தார். 1962-ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 70.

1957-ல் பத்மஸ்ரீ பட்டமும், 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்ற கவுரவமும் கிடைத்தன. சுமார் 60 நூல்கள் எழுதினார். கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கை வரலாறும் அவற்றில் ஒன்று. கணக்கை விட்டு வந்தாலும் கணக்கு அவரை விடவில்லை.

சேமிப்பு முழுவதும்

சம்பளம் போதாமல் நூலக வேலைக்கு வந்தவர் ரங்கநாதன். வாழ்நாள் எல்லாம் சிக்கனமாக இருந்து 1 லட்ச ரூபாய் சேர்த்தார். 1956-ல் அந்தத் தொகை முழுவதையும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்!

நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்துவதற்காகத்தான் கொடுத்தார். அந்தப் பதவிக்குச் சூட்டிய பெயரில் தம் மனைவியின் பெயரையும் சேர்த்தார். 13 மணி நேர உழைப்பில் பாதிப் பங்கு வீட்டில் இருந்தவருடையது என்பதை அவர் மறக்கவில்லை.

1961-ல் சாரதா ரங்கநாதன் அறக்கட்டளை ஏற்பட்டது. தம் நூல்களால் வரும் வருமானத்தையும் அதற்கே எழுதி வைத்தார்.

1972-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி பெங்களூரில் ரங்கநாதன் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

நூலக வாரம்

ஆகஸ்டு 12-ந் தேதியை இந்தியாவில் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். தமிழ்நாட்டில் சிறந்த நூலகர்களுக்கு அரசாங்கம் வழங்கும் விருதுக்கும் அவருடைய பெயர்தான்.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் நடக்கிறது. கிளை நூலகங்களில் தோரணம் கட்டுகிறார்கள். புத்தகக் கண்காட்சி வைக்கிறார்கள். மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி நடத்துகிறார்கள். புதிய உறுப்பினர்களையும் புரவலர்களையும் சேர்க்கிறார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஊர்களும் உண்டு.

தோரணம் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் ரங்கநாதனுக்கு முக்கியம்.

நவம்பர் 21-ந் தேதி காலையில், பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு சிறுமி நூலக வாசலில் தயங்கி நிற்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். என்ன புத்தகம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நூலகர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, எந்த வகுப்பு, என்ன கதை பிடிக்கும் என்று விசாரித்து, ஒரு புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுக்கிறார்.

புத்தகத்துக்கு உரிய வாசகி கிடைத்துவிட்டாள். வாசகிக்கு உரிய புத்தகமும் கிடைத்துவிட்டது. மணி அடிப்பதற்குள் அவள் பள்ளிக்கும் போய்விடுவாள்.

1924-ல் ரங்கநாதன் அந்தச் சிறைச்சாலையில் தேடிக் கிடைக்காத வேலை இதுதான்.